பௌல்டு, அதன்பின் ஒரு கோடு

வெட்டூர்ணிமடத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் எனக்கு வேலை.
ஓர் ஆட்டத்துக்குப் பதினாலு ரூபாய்.
லண்டனில் யாரோ ஸ்கேன் செய்து அனுப்பிய பக்கங்களைக்
கட்டம் கட்டமாக இறக்க வேண்டும்.
1887, கப்பலேறிப் போன ஒரு கிரிக்கெட் அணி.
கீபோர்டில் தேங்காயெண்ணெய் வாசம்.

ஹார்ட்லி, வில்மட், பெயின்டர், ஹட்சன்.
எங்கள் தெருவிலும் ஒரு ஹட்சன் உண்டு, கொத்தனார்.
இந்த ஹட்சன் ஓவருக்கு நாலு பந்து போட்டவன்:
நானூற்றுப் பன்னிரண்டு ஓவர், அதில்
மெய்டன் இருநூற்று முப்பத்தொன்று.
மெய்டன் என்றால் கன்னி என்று ரசலையன் விளக்கினார்,
விளக்கிவிட்டு அவரே சிரித்தார்.
எங்கள் மாவட்டத்துக்கு ஒருத்தி போதுமாயிருந்தது.
398 ரன், 71 விக்கெட், சராசரி 5.61.
அந்தப் பயணத்தில் பந்தைத் தொட்ட எல்லாரிலும் அவன்தான் முதல்.
கடலில் பதினொரு நாள் வாந்தி என்று
அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில்.

கொழும்பில் கரி ஏற்றக் கப்பல் இரண்டு நாள் நின்றது.
அந்த இடைவெளியிலும் ஓர் ஆட்டம்:
இவர்கள் பதினொருவர், அவர்கள் பதினெட்டு.
31, 0, 17, 4, 22, 0, 9, 11, 2, 16,
கடைசி ஆள் பூஜ்யம், ஆட்டமிழக்காமல்.
கூட்டினால் 112. உதிரி 12. மொத்தம் 124.
சரி.

பந்துவீச்சுப் பட்டியலில் மூன்று துரைமார்.
ஐம்பத்தொன்றுக்கு ஐந்து, முப்பத்தெட்டுக்கு மூன்று,
இருபதுக்கு ஒன்று.
ஆக 109.
மூன்று ரன் இல்லை.
விக்கெட்டும் ஒன்பதுதான், விழுந்ததோ பத்து.
மேலே போய்ப் பார்த்தேன்.
31 அடித்த வில்மட், அணித்தலைவன்,
பௌல்டு என்று போட்டு
அதன்பின் ஒரு கோடு.

கால்குலேட்டரில் ஒருமுறை, கைவிரலில் இருமுறை.
ரன்னில் மூன்று குறைய, விக்கெட்டில் ஒன்று குறைய,
அந்தக் குறையின் அளவுக்கு அங்கே ஓர் ஆள் நின்றிருக்கிறான்.
பந்து பொறுக்க வந்தவனோ, குடை பிடிக்க வந்தவனோ,
துரை களைத்துப்போய், நீ போடு என்று
எறிந்திருக்க வேண்டும்.
அவன் காலில் செருப்பு இருந்திருக்காது என்றும் தோன்றியது.
அது கணக்கில் இல்லை. விட்டுவிட்டேன்.

"எட்டி சைலஜா, இதுக்குப் போயி அரமணிக்கூறா?
மூணையும் அந்த ஒண்ணாம் துரைக்குச் சேத்துப் போடு.
விக்கெட்டையும் அவனுக்கே குடு.
எவன் கேக்கப் போறான்?"
ரசலையன் கெட்டவர் இல்லை. மாசக் கடைசி.

தோவாளையில் என் அண்ணனுக்கு உதிரிப்பூ வியாபாரம்.
இருபது கிலோ பிச்சி எடுத்தால்
விற்று முடிக்கையில் பத்தொன்பதே முக்கால்தான் விற்றிருக்கும்.
கால் கிலோ எங்கே என்றால் ஈரம் என்பான்,
ஆரல்வாய்மொழிக் காற்று குடித்துவிட்டது என்பான்.
குறைகிற எதற்கும் மண்டியில்
ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

புதிய வீரர் என்ற பொத்தானை அழுத்தினேன்.
பெயர் காலியாக இருக்கக்கூடாது என்றது, சிவப்பில்.
கோடு போட்டேன், ஏற்கவில்லை.
புள்ளி வைத்தேன், ஏற்கவில்லை.
ஈரம் என்று அடித்தேன்.
எடுத்துக்கொண்டது.
ஓவர் தெரியாது. மெய்டன் தெரியாது.
ரன் 3. விக்கெட் 1.

திரை ஒருமுறை இமைத்துத்
தன்னைத்தானே அடுக்கிக்கொண்டது.
பந்துவீச்சுச் சராசரி, பயணம் முழுவதும்:
முதலில் ஈரம், 3.00.
அவனுக்குக் கீழே ஹட்சன்.

திங்கட்கிழமை லண்டனில் யாராவது
குறைந்தது பத்து விக்கெட் என்று வடிகட்டி போடுவார்கள்.
இன்று வெள்ளி, மணி ஆறரை.
கீழே எண்ணெயில் காய் விழும் சத்தம்.
எழுந்து போகுமுன்
சேமி என்பதை இரண்டுமுறை அழுத்தினேன்.