இருநூறு ரூபாய்

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில்
அபராத ரசீது எழுதுவது என் வேலை.
தினக்கூலி. கார்பன் தாள் என் செலவு.

அஞ்சலாட்சியின் மாஸ்க் தாடையில் தொங்கியது.
"இருநூறு" என்றார் இன்ஸ்பெக்டர் மேடம்.

"மோந்து பாக்காம எவன் மீன் வாங்குவான்?
வாங்குறவன் மூக்கு தெறந்து கெடக்கலாம்,
விக்கிறவ மட்டும் மூடணுமா?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.
இறால் உரிக்கக் கொடுத்துவிட்டு நின்றவர்
"போடுங்க மேடம், எங்க பிளாக்குலயே
மூணு பேர் போயிட்டாங்க" என்றார்.
ஐஸ் உடைக்கிற பையன் கேட்டான்:
"நேத்து அந்தக் கல்யாண மண்டபத்துல
எத்தினி ரசீது கிழிச்சீங்க?"

ஒன்றும் இல்லை.
கேட்டுக்குள்ளேயே விடவில்லை.
அதை நான் சொல்லவில்லை.

மடியிலிருந்து வந்த நோட்டு ஈரமாக இருந்தது.
சானிடைசர் தெளித்தேன்.
செதில் ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது,
பைக்குள் வரை.

கூட்டம் கலைந்தது.
மேடம் குனிந்து ஒரு வஞ்சிரத்தைத் தூக்கினார்.
மாஸ்க்கை ஒரு விரலால் இறக்கி
மூக்கருகே வைத்தார்,
நெடுநேரம்.

"இது இன்னிக்கு வந்ததா?"

அஞ்சலாட்சி நிமிர்ந்து பார்த்தாள்.
"வாசன தெரியலையா?"

"ஏப்ரல்லேர்ந்து
எதுவும் தெரியல.
பால் பொங்கி அடிபிடிச்சாக்கூட."

இலைப்பாசி ஒட்டிய கையால்
அந்த மீனைப் பிடுங்கிப் பழைய இடத்தில் போட்டாள்.
ஐஸுக்கு அடியிலிருந்து வேறொன்றை இழுத்தாள்.
"இத எடுத்துக்கோ. அது நேத்து மீனு."

விலை சொன்னாள்.
இருநூறு சேர்த்துத்தான் சொன்னாள்.

மேடம் பேரம் பேசவில்லை.