பெனிட்டாவுக்கு, சாப்பாட்டு விஷயம்

அறை எண் பதினாலு. குழாயைத் திறந்தால்
முதலில் காற்று வரும், பிறகு துரு நிறத்தில் கொஞ்சம்,
அதற்குப் பிறகுதான் தண்ணீர்.
பயப்படாதே.
கீழே ஓட்டல் இருக்கிறது, லாட்ஜோடு சேர்ந்தது.
அங்கே மட்டும் சாப்பிடாதே.
அந்தச் சாம்பாருக்கு நேற்றைய ஞாபகம் அதிகம்.

காலையில் கமலாலயத்தை ஒட்டியே நட.
குளம் திரும்புகிற மூலையில் தையல்நாயகி மெஸ்.
பலகை கிடையாது,
வாசலில் சாய்ந்து நிற்கும் சைக்கிள்களை வைத்துக் கண்டுபிடி.
ஞாயிறு என்றால் கடப்பா.
தரையில் பதிக்கிற கல் இல்லை.
பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைந்து
சோம்பு வாசத்தோடு இட்லிமேல் இறங்குவது.
எட்டரைக்குத் தீர்ந்துவிடும்.
பிந்திப் போனால் கல்லாவில் இருப்பவர்
‘நேத்தே வந்திருக்கலாமே’ என்பதுபோல் பார்ப்பார்.

மத்தியானத்துக்கு உறுதியான இடம் எதுவும் சொல்ல முடியாது.
கொரடாச்சேரியில், கொள்முதல் நிலையத்துக்கு எதிரே,
மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒருத்தி
தள்ளுவண்டியில் சோறு போடுகிறாள்.
கருவாட்டுக் குழம்பு, ஐம்பது ரூபாய், அளவு இல்லை.
இந்த வருஷம் கூட்டமும் இல்லை.
மூட்டை வந்தால்தானே தோளுக்குப் பசிக்கும் என்றாள்.

வேலை சீக்கிரம் முடிந்தால் நாகூர் பஸ் ஏறு.
தர்காவுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில்
ஜெஹபர் நாச்சியா வாடா சுடுகிறார்.
வடை என்று கேட்டால் தர மாட்டார், திருத்துவார்.
அரிசி மாவு வட்டத்தின் நடுவில்
ஒற்றை இறால், சட்டைப் பொத்தான் மாதிரி.
உள்ளடம் கேட்டு வாங்கு.
இனிப்பா காரமா என்று நாக்கு தீர்ப்புச் சொல்வதற்குள்
இலை காலியாகிவிடும்.
நான் ஏழு தின்றேன். பேட்டா கணக்கில் எழுதவில்லை.

மன்னார்குடிப் பக்கம் போகிற நாளில்
நீடாமங்கலம் கேட்டில் எப்படியும் மாட்டிக்கொள்வாய்.
அதுவும் ஒரு சாப்பாட்டு நேரம்தான்.
கேட் விழுந்ததும்
வேர்க்கடலைக் கூடைகள் பஸ் ஜன்னல் உயரத்துக்கு எழும்பும்.
அவித்தது வாங்கு, உப்புத் தண்ணீர் முழங்கை வரை ஓடும்.

அங்கே ஒரு நாள்.

அன்று பக்கிரிசாமி வயலில் கயிறு பிடித்தோம்.
ஐந்துக்கு ஐந்து மீட்டர்.
தை மழையில் படுத்த சம்பா
கதிரிலேயே பச்சையாய் முளைவிட்டிருந்தது.
அறுத்தோம், அடித்தோம், தராசில் வைத்தோம்.
நாலு கிலோ இருநூறு.
அவர் தராசைப் பார்க்கவில்லை.
என் பேனாவைப் பார்த்தார்.

வரப்பு தாண்டினால் வீடு.
அமிர்தவல்லி அம்மாள் இலை நறுக்கி வைத்துவிட்டு நின்றார்.
கெளுத்திக் குழம்பு.
எங்கே பிடித்தது என்றேன், சும்மா பேச்சுக்கு.
“நம்ம வயல்லதான். பத்து நாளா மீனுதான் வெளையுது.”
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

விதி உனக்குத் தெரியும்.
மதிப்பிடப் போன வீட்டில் கை நனைக்கக் கூடாது.
சாப்பிட்டாச்சு என்றேன்.
மணி மூன்று.
என் வயிறு அதைச் சத்தமாக மறுத்தது,
அவருக்கும் கேட்டிருக்கும்.
ஒன்றும் சொல்லாமல்
இலையை மடித்து மாட்டுக்கு நீட்டினார்.

கேட்டில் கடலை உரித்துக்கொண்டிருந்தபோது
சரக்கு ரயில் போனது, எந்த ஊருக்கோ போகிற அரிசி.
நாற்பத்திரண்டு வேகன் எண்ணினேன்.
ஒன்றை விட்டிருப்பேன்,
நடுவில் ஒரு சொத்தைக் கடலையைத் துப்ப வேண்டியிருந்தது.

உன் பட்டியலில் அந்த ஊர் இரண்டாம் சுற்று.
அமிர்தவல்லி அம்மாள் மறுபடி கேட்பார்.
நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது.
சாப்பிட்டால் எழுது,
புளி எப்படி, மாங்காய் போட்டிருந்தாரா என்று.
சாப்பிடாவிட்டால் எழுத வேண்டாம்.

கொசுவத்தி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.
ராத்திரிப் பரோட்டாவுக்கு ரயிலடி முக்கு.
கேட்காமலே சால்னா ஊற்றிவிடுவான்,
இலைக்கு மேல் கையை வைத்துக்கொள்.