உண்டு, இல்லை

தீவில் இறங்கியதும் காப்பி நீட்டுவார்கள்.
குடிப்பதில்லை.
லஞ்சம் என்று எழுதிவிட ஒரு கோப்பை போதும்.

விருந்தினர் அறைகளை அளப்பது என் வேலை.
கட்டில் நூற்றுத்தொண்ணூறுக்குத் தொண்ணூறு.
தலைமாட்டில் விளக்கு,
படுத்தவர் கைக்கு எட்ட வேண்டும்.
படுத்துப் பார்க்க எனக்கு அனுமதியில்லை,
நின்றபடி கையை நீட்டிக் கணக்கிடுவேன்.
வெளிச்சம் புகாத திரை. ஆளுக்கொரு நாற்காலி.
கண்ணாடி. மூடி போட்ட குப்பைக்கூடை.
எல்லாம் இருந்தால் வாசலில் நீலத் தகடு,
அதில் இரண்டோ மூன்றோ நட்சத்திரம்.

ஒரு தடவை பெரினாவிடம் கேட்டுவிட்டேன்,
ஐந்து அறையும் வாடகைக்கென்றால்
நீங்கள் எங்கே படுப்பீர்கள் என்று.
"ஆகஸ்ட் முடிகிறவரை படகுக் கொட்டகை.
வலைமேல் மெத்தை போட்டால் சுகம்தான்"
என்று சிரித்தாள், அவள் கணவன் சிரிக்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கேட்டிருக்கக் கூடாது.

ஏப்ரலில், ஸ்பிளிட் அலுவலகத்தில்,
மேசைக்கு வந்த கோப்பில் என் முகவரி.
தெரு சரி. மூன்றாம் மாடி, இடது கதவு.
விண்ணப்பதாரர் வின்கோ, என் வீட்டுக்காரர்.

செப்டம்பரில் சாவி தருவார்,
ஜூன் பிறக்குமுன் வாங்கிக்கொள்வார்.
ஏழு வருஷமாய் அப்படித்தான்.
கோடையில் தகடில்லாமல் யார் யாருக்கோ விட்டவர்
அபராதத்துக்குப் பயந்து இப்போது நல்லவராகிவிட்டார்.

மேலதிகாரியிடம் சொன்னேன்.
"வாடகைக்கு இருப்பது உறவுமில்லை, சொத்துமில்லை.
நெவனுக்குக் காய்ச்சல். நீங்களே போய்ப் பாருங்கள்."
போவதற்கென்ன,
தினமும் ஆறு மணிக்குப் போகிறேனே.

என் கதவு மணியை நான் அடித்தேன்.
மாற்றுச் சாவியோடு வந்திருந்த வின்கோ திறந்தார்.
வாடகை நாளில் "ஏய் யகோடா"
அன்றைக்கு "வாருங்கள், அம்மணி".

கட்டில் அவருடையது, தேறும்.
நடுவில் என் உடம்பு தோண்டிய பள்ளம்
அளவில் வராது.
திரை நான் தைத்தது. ஒளி புகவில்லை.
விளக்கு என்னுடையது. எட்டும்,
கையை நீட்டிப் பார்க்கவில்லை,
இருட்டிலேயே தெரியும்.
நாற்காலி இரண்டு,
ஒன்றில் யாரும் உட்கார்ந்ததில்லை.
கண்ணாடி, முதல் சம்பளத்தில் வாங்கியது.
அறுபதுக்குத் தொண்ணூறு.
நாடாவும் கையுமாய் ஒருத்தி அதில் நின்றாள்,
காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

"மூன்று வருமா?" என்றார்.

சாமான் யாருடையது என்று படிவம் கேட்பதில்லை.
உண்டா, இல்லையா, அவ்வளவுதான்.
பதினாறு இடத்தில் "உண்டு" எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
பிறகு அவருக்குக் காப்பி கலந்தேன்,
என் அடுப்பு, என் தூள், என் கோப்பை.
இது எந்தப் பிரிவில் வரும் என்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மே முப்பத்தொன்று.
விளக்கைக் கழற்றினேன், திரையைக் கழற்றினேன்.
கண்ணாடி இருந்த இடத்தில்
புகை படியாத சுவர், அதே அறுபது, அதே தொண்ணூறு.

வாசலில் புதுத் தகடு. ஒரு திருகு தளர்ந்திருந்தது.
பேனாக்கத்தியால் இறுக்கினேன். பழக்கதோஷம்.

கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
படிக்கட்டுத் தெருவில் இறங்குகையில்
எதிரே தடதடவென்று சக்கரப் பெட்டிகள்.
ஒருத்தி மூச்சிரைக்க நின்று,
நான் பிடித்திருந்த கண்ணாடியில் முகம் பார்த்து
முன்மயிரைச் சரிசெய்துகொண்டாள்.

அவள் முடிக்கும்வரை
அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.