மூச்சுக்கு மூன்று பென்னி

சண்டர்லேண்டில் அப்போது
இரண்டு பேருக்கு ஊதிக்கொண்டிருந்தேன்.
திங்கள், புதன், வெள்ளி ஸ்டோக்கோவுக்கு.
மற்ற நாள் ட்வெட்டிலுக்கு.
ஞாயிறன்று உதடு வெந்து
தேவாலயத்தில் பாட வாய் வராது.

முட்டையளவு குமிழி, ஒன்றுக்கு மூன்று பென்னி.
கண்ணாடி பழுக்க, கன்னம் உப்ப
நான் நிரப்பிய மூச்சை
ராத்திரி முழுக்கப் பாதரசப் பம்பு வைத்து
இறைத்து இறைத்து வெளியேற்றுவார்கள்.
ஒரு மிடறு மிஞ்சினாலும்
உள்ளே கரியிழை தீய்ந்துபோகும்.
அவர்கள் போட்டி எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:
என்னை யார் சுத்தமாகத் துடைத்தெறிவது.

ஸ்டோக்கோ தையல் நூலைக் கருக்கினார்.
ட்வெட்டில் தூண்டில் நரம்பை, மூங்கில் சீவலை,
ஒருமுறை தன் தாடி மயிரையே.
அது பதினோரு நிமிடம் எரிந்தது.
"அவன் எதைக் கருக்குகிறான்?" என்பார் இவர்,
தன் பூட்ஸைப் பார்த்தபடி.
"கழுத்து எவ்வளவு நீளம் கேட்டான்?" என்பார் அவர்,
மேசையில் ஒரு ஷில்லிங்கை நகர்த்தி.
நான் சொல்லவில்லை.
மூச்சை இரண்டு கடையில் விற்பவன்
பேச்சையும் விற்கக்கூடாது.
(ஷில்லிங்கைத் திருப்பித் தந்தேன் என்றும்
சொல்லவில்லை.)

பிறகு வழக்கு.
லண்டன், நவம்பர், பகல் இரண்டு மணிக்கே இருட்டு.
இரு தரப்புக்கும் சாட்சி நானே.
பஞ்சு வைத்த பெட்டிகளில் இரண்டு விளக்குகள்.
ஸ்டோக்கோவின் கை நடுங்கியது, கோபம் என்றார்கள்.
பாதரசம் என்று எனக்குத் தெரியும்.
எதிர் பெஞ்சில் ட்வெட்டிலின் கையும்
அதே தாளத்தில்.

"எது முந்தியது?" என்றார் நீதிபதி.
எனக்கு எதுவும் தெரியவில்லை, அவ்வளவு இருட்டு.
சேவகன் ஏணி போட்டு
கேஸ் விளக்கை ஏற்றினான்.
அந்த மஞ்சளில் இரண்டையும் உயர்த்திப் பார்த்தேன்.
குழலை ஒடிக்கிற இடத்தில் எனக்கு ஒரு வடு விழும்,
இடப்பக்கம் சாய்ந்து.
இரண்டிலும் இருந்தது.
"ஐயா, இரண்டும் ஒரே வாரம். மழை வாரம்.
அதற்கு மேல் கண்ணாடி சொல்லாது."
சிரித்தார்கள். ஒத்திவைத்தார்கள்.
மறுபடி ஒத்திவைத்தார்கள்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.
மூன்று வருடம் கூத்தாடி நான்.
கூரைக்குப் புது ஓடு,
மனைவிக்குப் பல்,
வாரம் தவறாமல் ஆட்டுக்கறி.

அப்புறம் ஒரு மார்ச் காலை
ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள்.
ஒரே குடை.
புதுப் பலகையில் இரண்டு பேரும்,
யார் முதல் என்று நாணயம் சுண்டினார்களாம்.
இனி ஒரே கழுத்து, ஒரே கம்பெனி,
ஆகவே குமிழிக்கு இரண்டு பென்னி என்றார் ஸ்டோக்கோ.
"ஒன்றே முக்கால்," என்றார் ட்வெட்டில்.
அதிலும் முந்தாமல் இருக்க முடியவில்லை அவரால்.

அன்று சாயங்காலம் வியர் ஆற்றுப் பாலத்தில்
முதல்முறையாக விளக்குகள்.
ஊரே கைதட்டியது, கப்பல்காரர்கள் தொப்பி வீசினார்கள்.
நான் எண்ணிக்கொண்டே நடந்தேன்.
முப்பத்தெட்டாவது மட்டும்
இமைத்து இமைத்து எரிந்தது.
சரியாக இறைக்கவில்லை.