காலி

காகிதத்தில் அது காலி.
கொர்ப்பியார்வி யார்டு, ஏழாம் தடம்,
பதினேழாவது டேங்கர், அதிகாலை நாலேகால்.
பட்டியலில் ஓஸ்மோ வட்டமிட்டிருந்தான்:
காலி, கழுவப்படாதது.

இரண்டாவது சொல்லை யாரும் வாசிப்பதில்லை.

மைனஸ் இருபத்தொன்பது.
மூக்குமயிர் உறைந்து முள்ளாய்க் குத்தும் குளிர்.
இடுப்பில் தொங்கும் கருவி இந்தக் குளிரில் தாமதமாய்த்தான் வாய் திறக்கும்.
மூக்கு முந்திக்கொண்டது:
என் தங்கை தலைக்குப் பூசும் சாயத்தின் நெடி,
ஆளில்லாத தண்டவாளத்தில்.

விளக்கைத் தாழ்த்தினேன்.
வால்வுக்கு அடியில் பனியில் ஒரு குழி,
காப்பிக் கோப்பை அளவு.
அதன் விளிம்பிலிருந்து வெள்ளையாய் ஏதோ
தரையோடு தரையாய் ஊர்ந்துகொண்டிருந்தது.

திரும்பினேன். ஓடவில்லை.
ஓடினால் மூச்சு வாங்கும்,
வாங்குகிற மூச்சு அதையும் சேர்த்து வாங்கும்.
காற்று முகத்தில் அறைகிற திசையில்
இருநூறு அடி. பிறகு இன்னொரு இருநூறு.

"பலகையில் என்ன எண்?" ரேடியோவில் ஓஸ்மோ.
ஆரஞ்சுப் பலகை.
மேலே இருநூற்று அறுபத்தெட்டு, கீழே ஆயிரத்து ஐந்து.
"அமோனியா. ஆனால் அது காலி வண்டியாயிற்றே."
"உன் காலி என் தொண்டையில் எரிகிறது, ஓஸ்மோ."

அதற்குமேல் அவன் வாதாடவில்லை.
சிக்னல்கள் வரிசையாய்ச் சிவந்தன.
மேல்கம்பியில் மின்சாரம் செத்தது.
ஐந்து நாற்பது பயணி வண்டி
எங்கோ காட்டுக்குள் காரணம் தெரியாமல் நின்றது.

அமோனியா அப்போது அரைத்தூக்கத்தில் இருந்தது.
கொதிநிலைக்கு நாலே டிகிரி மேலே.
பத்து மணிக்கு மேகம் வரும் என்றது வானிலை;
இங்கே ஜனவரியில் கதகதப்பைக் கொண்டுவருவது
வெயிலல்ல, மேகம்.
அதற்குள் முடிக்க வேண்டும்.

தீயணைப்பு வண்டியில் வந்தார்கள் தொண்டர்கள்:
பேக்கரி ரௌனோ, புருவத்தில் இன்னும் மாவு;
பள்ளிப் பேருந்து ஓட்டும் சிர்க்கா.
பச்சை உடுப்புக்குள் நுழைந்து,
ஒருவர் முதுகின் ஜிப்பை மற்றவர் இழுத்து மூடி,
சிலிண்டர் முள்ளை உரக்கப் படித்தார்கள்.

காற்று எந்தப் பக்கம்?
யார்டின் காற்றுப்பை உறைந்து
கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.
கண்ணில் பட்டது ஒரே புகை:
மர ஆலையில் இரவு வேலை முடித்து
விடியலில் சவுனா மூட்டும் வெய்யோவின் புகைபோக்கி,
தடத்துக்கு அப்பால், பிர்ச் மரங்களுக்குப் பின்னே.
புகை எங்களைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. நல்லது.

ஆறு மணிக்கு அது நிமிர்ந்து நின்றது.
பிறகு ஏரிப் பக்கம் தலை கவிழ்ந்தது.

நான்தான் அவனை அழைத்தேன்.
"வீட்டைவிட்டுக் கிளம்பு.
ஏரிப் பக்கம் போகாதே, காற்றுக்குக் குறுக்கே வடக்கு ரோடு.
அப்புறம் வெய்யோ, அடுப்பை அணைக்காதே.
இன்னும் ரெண்டு கட்டை போட்டுவிட்டுப் போ."
சற்று மௌனம்.
"பிர்ச்சா, பைனா?"
"எது அதிகம் புகையும்?"
"ஈரப் பைன்."
"அதையே போடு."

கறுத்துத் தடித்தது புகை.
அதைப் பார்த்தே குழாய்க்காரர்கள் இடம் மாறினார்கள்.
தேங்கியதன்மேல் தண்ணீர் விழக்கூடாது, விழுந்தால் பொங்கும்;
மிதக்கிற வெள்ளைக்கு முன்னால் திரையாய் மட்டும் நிற்க வேண்டும்.
நிறுத்தவும் கூடாது,
நின்றால் குழாயே பனிக்கட்டி.

திரைக்குள் போனார்கள் இருவரும்.
வெண்கல ஸ்பேனர் வால்வின் மூடியைக் கவ்வியது.

கால் சுற்று.

அவ்வளவுதான் இறுக்க மறந்திருந்தார்கள்,
எந்த ஊரிலோ, எந்த ஷிப்ட் முடிவிலோ.

அறிக்கையில் எட்டுப் பக்கம் நிரப்பினேன்.
புகைபோக்கியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
ஓஸ்மோவைக் கேட்டேன். "இதர" என்றான்.

மாலையில் வெய்யோ மறுபடி சவுனா மூட்டி
எங்களை முதலில் போகச் சொன்னான்.
இருட்டுப் பலகையில் நானும் சிர்க்காவும்.
ஒரு அகப்பைத் தண்ணீரைச் சூட்டுக்கல்லில் ஊற்றினேன்.
வெள்ளையாய் எழுந்து எங்களை நோக்கி வந்தது ஆவி.

சிர்க்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
நானும்.