அடித்த சொல்லுக்குக் கீழே

கிளிநொச்சி, அறிவியல் நகர். ஆவணி.
நெல்லாலைக்காரர் அனுப்பிய உமிக்கட்டி
மூன்று நாளாகப் பொலித்தீன் பையில் கிடக்கிறது.
அது எவ்வளவு சூடு தரும் என்று அவருக்குத் தெரியவேண்டும்.
எனக்கு முதலில் தெரியவேண்டியது வேறு:
இந்தப் பாத்திரம் தனக்கென்று எவ்வளவு எடுத்துக்கொள்ளும்.

உருக்குச் சுவர், வாளித் தண்ணீர், கலக்கி,
வெப்பமானியின் மெல்லிய தண்டு,
ஆளுக்குக் கொஞ்சம் எடுக்கத்தான் செய்வார்கள்.

அதற்குத்தான் பென்சோயிக் அமிலம்.
பனடோல் போல ஒரு வெள்ளை வில்லை.
கிராமுக்கு 26.43 கிலோயூல்.
தருவதை முன்கூட்டியே சொல்லிவிட்டு
சொன்னபடி எரிகிற பொருளை
நான் வேறெங்கும் கண்டதில்லை.

மூடியை இறுக்குவது செபநேசன்.
முப்பது வளிமண்டலம் ஒட்சிசன் ஏற்றி,
குமிழி வருகுதா என்று தண்ணீருக்குள் பார்த்து
"சரி" என்பான்.
நான் பொத்தானைத் தொடமுன்
"தேத்தண்ணி போட்டுட்டு வாறன்" என்று வெளியே போவான்.
ஒவ்வொரு முறையும்.
கேத்தல் இந்த அறைக்குள்தான் இருக்கிறது.

பதிவேட்டின் முதற்பக்கத்தில்
இந்தக் கருவியின் பெயரில் முன்சொல்லை
சிவப்பு மையால் அடித்திருக்கிறார்கள்.
ஓமந்தையில் லொறி மூன்று மணித்தியாலம் நின்றதாம்.
குண்டு என்பதற்கு அங்கே ஒரே பொருள்.
கடைசியில் அந்தச் சொல் இறங்கிக்கொண்டது,
கலோரிமானி மட்டும் உள்ளே வந்தது.

முதல் ஓட்டம், பின்னேரம் மூன்று மணி.
0.98 கிராம். ஏற்றம் 2.70 பாகை.
வகுத்தால் 9.6.
மனம் ஒப்பவில்லை.
குனிந்து பார்த்தால், மேற்கு யன்னலால் வந்த வெயில்
கருவியின் விலாவில் கைவைத்து நிற்கிறது.
கணக்கில் பெயரில்லாத ஆள் தந்த சூடு.
உரப்பையொன்றை யன்னலில் கட்டினேன்.
அந்த வரியை அழிக்கவில்லை.
ஓரத்தில் "வெயில்" என்று எழுதிவைத்தேன்.

இரண்டாவது, 0.952.
திறந்து, எரியாமல் மிஞ்சிய கம்பித்துண்டை
அடிமட்டத்தில் வைத்து அளந்து
எரிந்த கம்பியின் 0.07 ஐயும் கூட்டினேன்.
25.23 ஐ 2.48 ஆல் வகுக்க
10.17.

ஒரு தடவை வந்தது தற்செயலாகவும் இருக்கலாம்.

மூன்றாவதற்குப் பொத்தானை அழுத்தினேன்.
சத்தமில்லை. ஒருநாளும் இருந்ததில்லை.
கலக்கியின் முனகல் மட்டும்.
கதவடியில் செபநேசன்.
"வெடிச்சதோ?"
"எரிஞ்சது."
கொஞ்சநேரம் நிலையைப் பிடித்தபடி நின்றான்.
பிறகு உள்ளே வந்து வெப்பமானிக்குக் குனிந்து
அரை நிமிசத்துக்கு ஒருக்கால் வாசிக்கத் தொடங்கினான்,
நான் கேட்காமலே.
இருபத்தொன்பது தசம் ஒன்று.
முப்பது தசம் நாலு.
முப்பத்தொன்று. இன்னும் ஏறுது.
பொறு, இன்னும் ஏறுது.

26.65. 2.62.
மறுபடியும் 10.17.
ஒரு பாகை ஏற இவ்வளவு கிலோயூல் என்று
அடித்த சொல்லுக்குக் கீழே எழுதினேன்.
உமிக்கட்டிக்கு நாளை.

கேத்தலில் தண்ணீர் வைக்க
இருவருமே மறந்துபோனோம்.