நடுவிலிருந்து இரண்டு விரல்

நாற்பத்திரண்டு வயதில்
என் வகிடு அகலமாகிக்கொண்டே போனது.
முதலில் ராகிக் கொல்லை வரப்பு மாதிரி இருந்தது.
போன பங்குனியில்
சென்னை ரோடும் பெங்களூர் ரோடும் வந்து சேருகிற
கிருஷ்ணகிரி மேம்பாலம்போல
வெயில் வாங்கிப் பளபளத்தது.

மாம்பழக்கூழ் ஆலையில், ஆய்வகத்தில் வேலை எனக்கு.
இனிப்பு பார்க்கும் கருவியில்
ஒரு சொட்டுக் கூழ் வைத்துக் குனிந்தால்
எதிரே நிற்பவர்கள் பேசுவது
என் உச்சந்தலையோடுதான்.
வலைத்தொப்பி எதையும் மறைக்காது.
யாரும் எதுவும் சொன்னதில்லை.
பீப்பாய் உருட்டும் பையன் மட்டும்
அவன் அம்மா தேய்க்கிற எண்ணெயின் பெயரை
கேட்காமலே சொல்லிவிட்டுப் போனான்.

பழையபேட்டையில்
செருப்புக் கடைக்கு மேலே ஷமீனாவின் பார்லர்.
"தோள் வரைக்கும் போதும்க்கா.
அதுக்குக் கீழ எல்லாம் பாரம்.
பாரம் இழுக்க இழுக்க நடு விரியும்."
வெட்டியது தரையில் விழுந்தது.
நான் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது.

பிறகு இடது புருவம் வளைகிற இடத்துக்கு நேராக
சீப்பின் வாலால் ஒரு கோடு இழுத்தாள்.
சில்லென்றது.
பிறந்ததிலிருந்து வெளிச்சம் படாத தோல்.

"மூணு வாரம் பழைய பக்கமே விழும்.
விட்டுடாதீங்க.
ஈரத்துல எதிர்ப்பக்கமா சீவி,
காஞ்சதும் இந்தப் பக்கம் தள்ளுங்க.
அப்பதான் வேர் நிமிரும்."

விழுந்தது.
பஸ்ஸில் ஜன்னல் காற்றுக்கு விழுந்தது.
தொப்பியைக் கழற்றினால் விழுந்தது.
தூங்கி எழுந்தால்
நடுவில் அதே ரோடு,
ராத்திரி யாரோ வந்து போட்டுவிட்டுப் போனதுபோல.

குங்குமத்தை எங்கே வைப்பதென்று
முதல் நாள் விரல் நுனியில் அதோடு நின்றேன்.
நெற்றிக்கு நேரே வைத்தால் முடிக்குள் போகிறது.
வகிட்டில் வைத்தால் இடப்பக்கம்
ஏதோ அடிபட்ட மாதிரி.
கையைத் துணியில் துடைத்துவிட்டு
ஏழு நாற்பது பஸ்ஸைப் பிடித்தேன்.

ஒன்பதாம் நாள் வேடியப்பன் கவனித்தார்.
"என்ன இது, ஆம்பள கிராப்பு மாதிரி,
ஓர வகிடு?"

பீரோவில் தேடி எடுத்தேன்.
காவேரிப்பட்டணம் பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்பு ஆ பிரிவு.
மேல் வரிசையில் இருபத்தாறு பையன்கள்.
அத்தனை பேருக்கும் ஓர வகிடு.
கீழே பத்தொன்பது பெண்கள்.
அத்தனை பேருக்கும் நட்ட நடுவில்,
மூக்கில் நூல் பிடித்தாற்போல.
கடைசிப் பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் கோணல்.
முனிரத்னா, அதாவது நான்.
போட்டோ எடுக்கும் முன்னால்
கைலாசம் டீச்சர் எச்சில் தொட்டுத் திருத்தியும்
நிற்காமல் போனது.

அதை அவரிடம் காட்டவில்லை.
காட்டினால் சிரிப்பார்,
சிரித்துவிட்டு மீட்டர் ரீடிங் எடுக்கக் கிளம்பிவிடுவார்.

மறுநாள் காலை
ஒரே கண்ணாடியில் இரண்டு பேரும் சீவினோம்.
அவர் பின்னால், நான் முன்னால்.
அவருக்கும் இடப்பக்கம், எனக்கும் இடப்பக்கம்.
"ஒரே மாதிரி இருக்குதே" என்றார்,
ஏதோ ஒத்துக்கொண்ட குரலில்.
சீப்பு கேட்கத் திரும்பினேன்.
முகத்துக்கு முகம் பார்க்கையில்
அவர் கோடு என் வலக்கைப் பக்கம் இருந்தது.

இருபத்திரண்டாம் நாள்
ஆலையில் முதல் லோடு பெங்களூரா இறங்கியது.
குனிந்து சொட்டு வைத்தேன்.
பதினேழு, கொஞ்சம் மேலே.
எழுதி நிமிர்ந்து,
மதியச் சங்குக்குத் தொப்பியைக் கழற்றினேன்.
முடி தானாகவே
வலப்பக்கம் சரிந்து
ஒரு கண்ணை மூடியது.

ஊதித் தள்ளினேன்.
திரும்ப வந்தது.
இருக்கட்டும் என்று
ஒற்றைக் கண்ணோடு டிபன் பாக்ஸைத் திறந்தேன்.